கிராமத்தில் வீடு கட்ட அனுமதி: கடைக்கால் போடுமுன் கவனிக்க வேண்டியவை



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம்ம பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை. உச்சிப்புளி வட்டாரத்திலே ஒரு குடும்பம் மச்சு வீடு கட்டுகிறது என்றால், அதிலே தென்னந்தோப்பு வருமானம் இருக்கும், பனையேறிச் சேர்த்த காசு இருக்கும், ஆடு விற்ற பணம் இருக்கும், வெளிநாட்டிலே பிள்ளை பட்ட பாடும் இருக்கும். பல வருஷத்துச் சேமிப்பு எல்லாம் ஒரே இடத்திலே போய்ச் சேருகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு முறையான அனுமதி வாங்குவது எப்படி, எதை முதலிலே பார்க்கணும் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

"நம்ம நிலம், நம்ம காசு. இதிலே யாரைக் கேட்கணும்?" என்று சிலபேர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அனுமதி இல்லாமல் கட்டிய வீட்டுக்கு வங்கியிலே வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் "பிளான் எங்கே?" என்பார். வழக்கு என்று வந்தால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்காது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அனுமதியில்லாத கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரை வைக்கவும், இடிக்கச் சொல்லவும் அதிகாரம் இருக்கிறது. ஆகவே அனுமதி என்பது சர்க்காருக்காக வாங்குகிற காகிதம் மட்டுமல்ல. உங்கள் வீட்டுக்கு நீங்கள் போடுகிற வேலி அது.

கிராமத்திலே சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்கு அனுமதி கொடுப்பது உங்கள் கிராம ஊராட்சிதான். ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்திலே தனி அலுவலர் அந்தப் பொறுப்பைப் பார்ப்பார். பெரிய கட்டடம், வணிகக் கட்டடம் என்றால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கும். முன்பு கிராமங்களுக்கு 1997ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகள் தனியாக இருந்தன. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியிலே தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அன்று முதல் பட்டணத்துக்கும் பட்டிக்கும் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

அனுமதி என்றதும் பலபேர் நேராகப் பிளான் போடுகிறவரிடம் போகிறார்கள். அது இரண்டாவது வேலை. முதல் வேலை நிலத்தைப் பார்ப்பது. நிலத்திலே குற்றம் இருந்தால் எவ்வளவு நல்ல பிளான் போட்டாலும் பிரயோசனம் இல்லை. கடைக்கால் தோண்ட ஆள் விடுமுன் மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கணும். நிலம் யார் பெயரிலே இருக்கிறது? கணக்கிலே அது என்ன வகை? கடலிலிருந்து எவ்வளவு தூரத்திலே இருக்கிறது?

முதல் கேள்வி: நிலம் யார் பெயரிலே?

நம்ம பக்கத்திலே அதிகமாகத் தகராறு வருவது இதிலேதான். தாத்தா பெயரிலே பட்டா இருக்கும். அவருக்கு நாலு பிள்ளை, அவர்களுக்கு எட்டுப் பிள்ளை. வாய்ப்பேச்சிலே "இந்த மூலை உனக்கு, அந்த மூலை எனக்கு" என்று பிரித்து அனுபவித்து வருவார்கள். உழுது பயிரிட அது போதும். வீடு கட்ட அது போதாது. கூட்டுப் பட்டாவிலே இருக்கிற நிலத்திலே ஒருத்தர் மட்டும் அனுமதி கேட்டால், மற்ற பங்காளிகள் ஆட்சேபணை செய்ய இடமிருக்கிறது.

ஆகவே முதலிலே வாரிசுச் சான்று வாங்கி, பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து, உங்கள் பங்குக்குத் தனிப் பட்டா வாங்குங்கள். பட்டாவோடு புல வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். வரைபடத்திலே உள்ள அளவும் நிலத்திலே உள்ள அளவும் ஒத்திருக்கணும். வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். நிலத்தின்மேல் பழைய அடமானம் ஏதும் இருந்தால் அதிலே தெரிந்துவிடும்.

இதற்குச் சில மாதம் பிடிக்கலாம். பரவாயில்லை. வீடு பாதி எழும்பிய பிறகு சித்தப்பா மகன் கோர்ட்டிலே தடையுத்தரவு வாங்கினால் வருஷக்கணக்கிலே நிற்கும். வாங்கிவைத்த சிமெண்ட் மூட்டை கல்லாகிவிடும்.

இரண்டாவது கேள்வி: கணக்கிலே என்ன நிலம்?

கிராமக் கணக்கிலே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகை எழுதியிருக்கும். நத்தம் என்றிருந்தால் அது குடியிருப்புக்கென்று விட்ட இடம். பெரும்பாலும் சிக்கல் இருக்காது.

நன்செய் அல்லது புன்செய் என்றிருந்தால் கவனம் வேணும். முழுமைத் திட்டம் இல்லாத கிராமப் பகுதிகளிலே விவசாய நிலத்தை மனையாக மாற்றுவதற்கு 2017ஆம் ஆண்டிலே தனி விதிகள் வந்திருக்கின்றன. நன்செய் என்றால் வேளாண்மைத் துறையின் கருத்தையும் கேட்பார்கள். ஆகவே தோப்பிலேயே ஒரு மூலையிலே வீடு கட்ட நினைக்கிறவர்கள், "என் நிலத்துக்கு உபயோக மாற்றம் வேணுமா?" என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலே சர்வே எண்ணைக் கொடுத்து முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊருணி, கண்மாய், வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு என்றிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். "இருபது வருஷமாக நாங்கதான் அனுபவிக்கிறோம், வீட்டு வரி கட்டுகிறோம்" என்றாலும் அது பட்டா ஆகாது. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ராமநாதபுரம் சீமையிலே ஊருணியும் கண்மாயும் இல்லாவிட்டால் நமக்குக் குடிக்கத் தண்ணி ஏது?

இனி மனை வாங்கிக் கட்டுகிறவர்கள். ராமேஸ்வரம் சாலையின் இரண்டு பக்கமும் கல் நட்டு, கொடி கட்டி மனை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரிலே தடை போட்டது. அதன்பிறகு அந்த ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி ஒரு எல்லைக்கோடாக வைக்கப்பட்டது. அதற்கு முன் உண்டான அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்ய 2017ஆம் ஆண்டிலே விதிகள் வந்தன. உங்கள் மனை அப்படிப்பட்டதா, வரன்முறை ஆணை வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று தரகர் வாயாலே சொன்னால் போதாது. ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். அந்த எண் உண்மைதானா என்று அலுவலகத்திலே விசாரியுங்கள். பணம் கொடுக்குமுன் கேட்டால் கேள்வி. கொடுத்தபின் கேட்டால் புலம்பல்.

மூன்றாவது கேள்வி: கடல் எவ்வளவு தூரம்?

உச்சிப்புளிக்கு வடக்கே போனால் அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் பாக் விரிகுடா. தெற்கே புதுமடத்துப் பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு கடலுக்கும் நடுவே கிடக்கிற நிலம் நம்முடையது. ஆகவே மற்ற மாவட்டத்துக்காரர்கள் நினைத்துப் பார்க்காத ஒரு விதி நமக்கு முக்கியம். அதுதான் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி.

மத்திய அரசு இதை முதலிலே 1991ஆம் ஆண்டிலே கொண்டுவந்தது. பிறகு 2011ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் மாற்றி அறிவித்தது. பெரிய அலைமட்டத்தின்போது கடல் நீர் எதுவரை ஏறி வருகிறதோ அந்தக் கோட்டை உயர் ஓதக் கோடு என்கிறார்கள். அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர், அதாவது சுமார் 1,640 அடி வரை, இந்த விதிக்குள் வருகிறது. கிராமப்புறக் கடற்கரையிலே பொதுவாக முதல் 200 மீட்டர், சுமார் 650 அடி, புதுக் கட்டடம் கட்டக் கூடாத பகுதி. மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு இந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைக்க 2019ஆம் ஆண்டின் அறிவிப்பு வழி செய்கிறது. ஆனால் அது எல்லா ஊருக்கும் பொருந்தாது. பக்கத்து ஊரிலே யாரோ கட்டினார்கள் என்பதை வைத்து நாமாக முடிவு செய்யக் கூடாது.

கட்டக் கூடாத பகுதியிலே முறைப்படி ஏற்கனவே உள்ள வீட்டைப் பழுது பார்க்கலாம். பழைய பரப்பைத் தாண்டாமல் திரும்பக் கட்டவும் இடமுண்டு. அதற்கு அப்பால் 500 மீட்டர் வரையிலே, பரம்பரையாகக் குடியிருக்கிற மீனவர்களும் மற்ற கடலோர மக்களும் தங்கள் குடியிருப்புக்கு வீடு கட்டிக்கொள்ளலாம். உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கீழ்த்தளமும் ஒரு மாடியும் மட்டும்தான்.

கடல் தண்ணி ஏறி இறங்குகிற ஓடைக்கரைக்கும் இந்த விதி உண்டு. "கடல் கண்ணுக்கே தெரியலையே" என்று விட்டுவிட வேண்டாம். தூரத்தை அடிக்கோல் வைத்தோ கண்ணளவிலோ முடிவு கட்டவும் முடியாது. அதற்கென்று கடலோர மண்டல வரைபடங்கள் இருக்கின்றன. உங்கள் சர்வே எண் அந்த வரைபடத்திலே எங்கே விழுகிறது என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திலே கேட்கலாம். 2011ஆம் ஆண்டின் அறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான இந்த அமைப்பிலே உள்ளூர்க் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே எழுத்து மூலம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பதிலையும் எழுத்திலேயே வாங்கிவையுங்கள்.

"ஊராட்சி அனுமதி கொடுத்துவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள்?" என்று ஒரு பேச்சு உண்டு. இதற்குப் பதில் கேரளத்திலே இருக்கிறது. கொச்சிக்குப் பக்கத்திலே மரடு என்ற ஊரிலே காயல் கரையோரம் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். அன்றைக்கு அது கிராமப் பஞ்சாயத்து. பஞ்சாயத்து அனுமதியும் இருந்தது. ஆனால் கடலோர மண்டல அனுமதி இல்லை. 2019 மே மாதத்திலே உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளிலே நாலு கட்டடத் தொகுதிகளும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. பணம் போட்டு வாங்கிக் குடியிருந்தவர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு அனுமதி இன்னொரு அனுமதிக்கு ஈடாகாது என்பதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதி எதற்கு என்று நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலிலே தனுஷ்கோடி ஊரே போயிற்று. பயணிகளோடு ரயிலும் போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி தமிழ்நாட்டுக் கரையிலே எத்தனை வீட்டை வாரிக்கொண்டு போனது என்பதும் தெரியும். கடல் தன் இடத்தை எப்போது கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டால் கொடுக்கிற தூரத்திலே நாம் இருக்கக் கூடாது.

உச்சிப்புளிக்கென்று இன்னும் சில

நம்ம ஊரிலே கடற்படையின் விமான தளம் இருக்கிறது. 2009 மார்ச்சிலே அதற்கு ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் வைத்தார்கள். விமானம் ஏறி இறங்குகிற இடத்தைச் சுற்றிக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பாதுகாப்பு வளாகத்தின் வேலியை ஒட்டிக் கட்டுவதற்கும் தடை உண்டு. தளத்துக்கு அருகே மனை உள்ளவர்கள், மாடி கட்ட நினைக்கிறவர்கள், செல்போன் கோபுரத்துக்கு இடம் விட நினைக்கிறவர்கள் எல்லோரும் தடையில்லாச் சான்று வேணுமா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரயில்பாதையை ஒட்டிய மனைக்கு ரயில்வேயிடமும், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய மனைக்கு நெடுஞ்சாலைத் துறையிடமும் இப்படியே கேட்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் போடுவது எப்படி?

மூன்று கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்துவிட்டதா? இனிப் பிளானுக்குப் போகலாம். பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு வரைபடம் போடுங்கள். சுற்றிலும் விட வேண்டிய இடம், அறைகளின் அளவு, காற்று வெளிச்சம், கழிப்பறைத் தொட்டி, மழைநீர் சேமிப்பு எல்லாம் அதிலே இருக்கணும்.

விண்ணப்பம் இப்போது ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போகிறது. கிரயப் பத்திரம் அல்லது பாகப் பத்திரம், பட்டா, புல வரைபடம், மனையின் போட்டோ, கட்டட வரைபடம் ஆகியவற்றை அதிலே ஏற்ற வேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லாவிட்டால் படித்த பிள்ளைகளோ பொறியாளரோ செய்து தரலாம். ஆனால் செல்போன் நம்பர் உங்களுடையதாகவே இருக்கட்டும். செய்தியும் ரகசிய எண்ணும் அதற்குத்தான் வரும். கட்டணத்தையும் அதிலேயே கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். ரசீது இல்லாத பணம் கட்டணம் ஆகாது.

சிறிய வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு நல்ல வசதி 2024 ஜூலை 22ஆம் தேதி தொடங்கப்பட்டது. இதற்குச் சுயசான்று முறை என்று பெயர். மனை 2,500 சதுர அடிக்குள், அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்டுக்குள், இருக்க வேண்டும். கட்டடம் 3,500 சதுர அடிக்குள், கீழ்த்தளம் அல்லது கீழ்த்தளமும் ஒரு மாடியும், உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். குடியிருப்பு வீடாக இருக்க வேண்டும். இந்த அளவுக்குள் வருகிற வீட்டுக்கு, அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திராமல், கட்டணம் கட்டியதும் இணையத்திலேயே அனுமதி கிடைத்துவிடும். முடிப்புச் சான்றும் தேவையில்லை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதிலேதான் கூடுதல் கவனம் வேணும். யாரும் வந்து பார்க்கவில்லை என்றால், பார்க்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையிலே வந்துவிட்டது என்று அர்த்தம். "நான் கொடுத்த விவரம் எல்லாம் உண்மை" என்று நீங்களே கையெழுத்திடுகிறீர்கள். நிலம் புறம்போக்கிலோ கடலோரத் தடைப் பகுதியிலோ இருந்தால் அனுமதி ரத்தாகும். "கம்ப்யூட்டர் கொடுத்துச்சே" என்று சொல்லித் தப்ப முடியாது. முதலிலே சொன்ன மூன்று கேள்வியும் சுயசான்றுக்காரருக்குத்தான் இன்னும் அவசியம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

அனுமதி ஆணையும் வரைபடமும் கைக்கு வந்ததும் ஒரு நகல் கொத்தனாரிடம் இருக்கட்டும். வேலை நடக்கும்போது "இந்தப் பக்கம் இரண்டடி தள்ளிக்கலாம், மேலே ஒரு அறை போட்டுக்கலாம்" என்று ஆசை வரும். வரைபடத்தை விட்டு விலகினால் அனுமதி இல்லாமல் கட்டிய கதைதான். மாற்றம் வேண்டுமானால் முதலிலே திருத்திய அனுமதி வாங்குங்கள். ஆணையிலே காலவரை போட்டிருக்கும். அதையும் குறித்துவையுங்கள்.

மழைநீர் சேமிப்பு 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிலே கட்டாயம். நம்ம மணல்பூமியிலே இது வெறும் சட்டத்துக்காகச் செய்கிற வேலை அல்ல. கீழே இருக்கிற நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மழைத் தண்ணியை உள்ளே விடாமல் மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கிணறு உவர்த்துவிடும். தென்னையும் சோர்ந்துபோகும். அதேபோல மணலிலே அழுக்குத் தண்ணி சீக்கிரம் ஊடுருவும். கழிப்பறைத் தொட்டியைக் கிணற்றிலிருந்து முப்பது நாற்பது அடிக்குக் குறையாமல், இடமிருந்தால் அதற்கும் மேலே, தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கிலே உண்டு.

செலவு மிச்சம் என்று கடற்கரை மணலை அள்ளாதீர்கள். கடலோர மண்டலத்திலே மணல் அள்ளுவது குற்றம். அந்த மணலிலே உள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைத்துக் காங்கிரீட்டை வெடிக்கச் செய்யும்.

ஏற்கனவே அனுமதியில்லாமல் கட்டிவிட்டவர்கள் பயந்து ஒதுங்கி இருக்க வேண்டாம். நிலம் சுத்தமாக இருந்தால் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று அலுவலகத்திலே கேளுங்கள். நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். தேதிக்குள் எழுத்திலே பதில் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கும் சட்டத்திலே இடமிருக்கிறது.

விவசாயப் பெருமக்களே, விதைக்குமுன் மண்ணைப் பார்க்கிறோம், ஈரத்தைப் பார்க்கிறோம், பருவத்தைப் பார்க்கிறோம். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்திலே எடுத்துவிடலாம். வீடு அப்படி அல்ல, ஆயுசுக்கு ஒருமுறை. ஆகவே நிலம் யார் பெயரிலே, என்ன வகை, கடல் எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் எழுத்து மூலமாகத் தெரிந்துகொண்டு, பிறகு நல்ல நாள் பாருங்கள். அனுமதி ஆணை, வரைபடம், ரசீது, பட்டா எல்லாவற்றையும் ஒரே பையிலே போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலே உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் கட்டுகிற வீட்டிலே உங்கள் பேரப்பிள்ளைகளும் பயமில்லாமல் குடியிருக்க வேண்டும்.

(வானொலி உரை)